நான் உட்கார்ந்தால் சேலையின் விலை குறைந்துவிடுமா? ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சென்னை தியாகராய நகர், மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று ஊர் எதுவானாலும் மாடிக்கு மேல் மாடி கட்டிக் கடை நடத்தும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவரிடம் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அந்தக் கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்த ஒரு கடையின் விவகாரமாகிவிடும், மற்றவர்கள் நிம்மதியாகத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

என் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு செம்மண் கிராமம். பிளஸ் டூ முடித்துவிட்டு 2011-ல், ஊர்க்காரர் ஒருவர் சிபாரிசில், ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தேன். முதல் ஐந்து வருடம் பட்டு செக்‌ஷனில் சேல்ஸ்மேன். அப்புறம் நான்கு வருடம் மூன்றாவது மாடிக்கு சூப்பர்வைசர். 2020-ல் ஊரடங்கு வந்தது, ஊருக்குப் போனேன், திரும்பவில்லை. நின்றும் இருக்கிறேன், மற்றவர்களை நிற்கவைத்தும் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் இந்த மடலில் சொல்கிறேன், ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் மாடியில் ஒரு அக்கா இருந்தார். வள்ளியூர்ப் பக்கம். பட்டு செக்‌ஷனில் அவர் அளவுக்குச் சேலை விரிக்கத் தெரிந்த ஆள் கிடையாது. வருகிற பெண்ணின் முகத்தைப் பார்த்தே எந்த நிறத்தை முதலில் எடுக்கலாம் என்று கணிப்பார். முந்தியைத் தோளில் போட்டுக் காட்டும்போது பார்டர் கோணாமல் நிற்கும். நான் சேல்ஸ்மேனாக இருந்தவரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர், சூப்பர்வைசர் ஆன மறுநாளே சார் என்று கூப்பிட ஆரம்பித்தார். வேண்டாம் அக்கா, தம்பின்னே கூப்பிடுங்க என்று சொன்னேன். "அது சரிப்படாது சார்" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை. உள்ளுக்குள் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மார்கழி ஆரம்பம். முகூர்த்தம் கிடையாது, பொங்கல் கூட்டமும் இன்னும் தொடங்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மாடியில் ஒரு கஸ்டமர்கூட இல்லை. கேமரா ரூமிலிருந்து போன் வந்தது, பட்டு செக்‌ஷனில் ரேக்குக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. போய்ப் பார்த்தேன். பிரிக்காத சேலைப் பண்டல் ஒன்றின்மேல் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு காலை நீட்டி வைத்திருந்தார். கெண்டைக்காலைச் சுற்றிப் பழைய பருத்திச் சேலையின் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தார், அதற்கு மேலும் கீழும் நரம்பு பச்சைப் பாம்பு மாதிரி புடைத்துத் தெரிந்தது. கொலுசைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார், வீக்கத்தில் அது இறுக்கியிருக்கும்போல. "அக்கா, எந்திரிங்க, கேமராவுல தெரியுது" என்றேன். "சரி சார்" என்று எழுந்தார். எழுந்ததும் அவர் செய்த முதல் காரியம், தான் உட்கார்ந்திருந்த பண்டலைக் கையால் தட்டி, கசங்கிய இடத்தை நீவிவிட்டது. அப்புறம் கொலுசை மாட்டிக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்டார்: "ஒண்ணு கேக்கவா சார்? நான் உக்காந்தா சேலை வெல கொறைஞ்சிருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சும்மா சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

கடையை விட்ட பிறகுதான் எனக்குப் படிக்க நேரம் கிடைத்தது. அப்போதுதான் தெரிந்தது, அக்காவின் கேள்வியை ஏறக்குறைய அதே சொற்களில் ஒருவர் 1785-லேயே எடுத்துப் பேசியிருக்கிறார் என்று. ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட். பெரிய வீட்டுப் பிள்ளை இல்லை, அவருடைய அப்பா குதிரைக்குத் தோல்வார் தைத்த தொழிலாளி. உலகத்தில் உள்ளவற்றில் சிலவற்றுக்கு விலை உண்டு, சிலவற்றுக்கு மாண்பு உண்டு என்று கான்ட் பிரிக்கிறார். விலை உள்ளதற்குப் பதிலாக அதற்குச் சமமான இன்னொன்றை வைத்துவிடலாம். ஒரு சேலை விற்றுப்போனால் அதே விலையில் இன்னொன்று. ஆனால் எதற்குப் பதிலாக வேறொன்றை வைக்கவே முடியாதோ, அதற்கு விலை கிடையாது, மாண்புதான் உண்டு. மனிதர் அந்த வகை என்கிறார்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயத்தையும் அவர் சொல்லியிருக்கிறார், அதை நான் மறைக்கவில்லை. வேலைத்திறமைக்கும் உழைப்புக்கும் சந்தை விலை உண்டு என்று அதே இடத்தில் எழுதுகிறார். ஆகவே அக்காவின் கைத்திறமைக்கு நீங்கள் விலை பேசுவதில் தப்பே கிடையாது. சம்பளம் கொடுக்கிறீர்கள், வேலை வாங்குகிறீர்கள், நியாயம். ஆனால் நீங்கள் சம்பளம் கொடுத்து வாங்கியது சேலை விரிக்கும் திறமையை. ஆள் இல்லாத மாடியில், மத்தியானம் மூன்று மணிக்கு, காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் என்ன திறமை இருக்கிறது? அந்த நேரத்தில் நீங்கள் அவரிடம் வாங்கிக்கொண்டிருந்தது என்ன? இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான், "நான் இங்கே கீழ்ப்படிந்தவள்" என்பதை உடம்பால் காட்டுவதை. அது சம்பளக் கணக்கில் வராது. அதை விற்கும் உரிமை அக்காவுக்கும் இல்லை, வாங்கும் உரிமை உங்களுக்கும் இல்லை.

கான்ட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் என்னை அது உலுக்கியது. படிக்காத சனங்களை ஒருகாலத்தில் இளக்காரமாகப் பார்த்ததாகவும், ரூசோவைப் படித்த பிறகுதான் மனிதரை மதிக்கக் கற்றுக்கொண்டதாகவும் தன் குறிப்புகளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். மனித மாண்பைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஆள்கூட அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அப்படியானால் நீங்களும் நானும் இப்போது கற்றுக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, உங்கள் ஆடிட்டர்கள் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021-ல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரம் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் நிலை வராதபடி, வேலைக்கிடையில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள, எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு முன்பே 2018-ல் கேரளம் இதைச் செய்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் பெண்கூட்டு என்று ஒரு அமைப்பாகச் சேர்ந்து, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் வருடக்கணக்கில் போராடியதன் பலன் அது. கழிப்பறைக்குப் போக நேரம் கேட்க வேண்டியிருக்கும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்த பெண்கள் அவர்கள். எங்கள் மாடியிலும் அப்படித்தான், பாட்டில் நிரம்பியபடியே ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போகும்.

இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு இருக்கை கொடுக்கச் சட்டம் வந்தது எப்போது தெரியுமா? 1899-ல். மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது போடவேண்டும் என்று. 1899 எங்கே, 2021 எங்கே.

சரி, சட்டம் வந்த பிறகு என்ன ஆயிற்று? 2023-ல் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அதே கடைக்கு, அதே மாடிக்கு, கஸ்டமராகப் போனேன். கவுண்ட்டருக்குப் பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இருந்தன. எனக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், ஒன்றின்மேல் பிளவுஸ் பிட் அடுக்கிய அட்டைப்பெட்டி, இன்னொன்றின்மேல் ஹேங்கர் கட்டு, மற்றவை சுவர் ஓரமாக ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி வைத்தவை. அக்கா அங்கேயேதான் இருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். உட்கார விடுறாங்களாக்கா என்று கேட்டேன். "ஆபீசர் வந்தா பெட்டிய எறக்கி வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு, என் தங்கச்சிக்குச் சேலையை விரிக்க ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்த ஒரு கதை அப்போது நினைவுக்கு வந்தது. சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழனிடம் தோற்று, குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தவன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். உடனே கொடுக்கவில்லை, அலட்சியமாகக் காலம் கடத்திக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கையில் வாங்கிவைத்துக்கொண்டான், குடிக்கவில்லை, உயிரை விட்டான். தண்ணீர் கிடைக்கவே இல்லை என்று சொல்லமுடியாது, கிடைத்தது. கொடுத்த விதம்தான் அவனைக் கொன்றது. சிவப்பு ஸ்டூலும் அப்படித்தான் எனக்குப் பட்டது. கொடுத்திருக்கிறீர்கள், மேலே பெட்டியை வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு குறையும் எனக்கு உண்டு. மானம் என்றாலே நமக்கு ராஜாக்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அரசன் தண்ணீர் குடிக்காமல் செத்தால் அது புறநானூறு. வள்ளியூர் அக்கா தண்ணீர் குடிக்காமல் பன்னிரண்டு மணி நேரம் நின்றால் அது டியூட்டி. மானம் என்பது கிரீடம் வைத்தவனுக்கு மட்டும் உள்ள சொத்து இல்லை, கூலிக்காரனுக்கும் அதே அளவில் உண்டு என்று இந்த மண்ணில் தெருத்தெருவாகச் சொல்ல 1925-ல் ஒரு இயக்கமே தேவைப்பட்டது. அதற்குப் பெரியார் வைத்த பெயரைக் கவனியுங்கள், சுயமரியாதை இயக்கம். சோறு இயக்கம் என்றோ கூலி இயக்கம் என்றோ வைக்கவில்லை. சோறும் கூலியும் முக்கியமில்லை என்பதால் அல்ல, தன்னை மதிக்காத மனிதன் தனக்கு உரியதைக் கேட்கவே மாட்டான் என்பதால் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

தியாகராய நகரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. நீங்கள் தினமும் பாண்டி பஜார் என்று சொல்கிறீர்களே, அது யார் பெயர்? டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று அந்த மாநாட்டில்தான் தீர்மானம் போட்டார்கள். அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த காலத்தில், தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று உத்தரவு போட்டவர் அவர். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினாலும் உனக்கு இங்கே இடமில்லை என்று சொன்ன காலம் அது. அதை உடைத்தவரின் பெயரைத் தாங்கிய தெருவிலும் அதைச் சுற்றியும், இன்றைக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் காலையிலிருந்து ராத்திரிவரை உட்கார அனுமதியில்லாமல் நிற்கிறார்கள். அந்தத் தெரு வழியாக நடக்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

உட்காருவதும் நிற்பதும் இந்த நாட்டில் வெறும் கால் சம்பந்தப்பட்ட விஷயமாக எப்போதும் இருந்ததில்லை. யார் திண்ணையில், யார் கீழே, யார் வாசலுக்கு வெளியே, யார் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டவேண்டும் என்று உடம்பின் மேல்தான் நாம் மேல்கீழை எழுதி வைத்தோம். பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஊராட்சித் தலைவரான பட்டியலினப் பெண் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியாகி நாடே பார்த்தது. அவர் தேர்தலில் ஜெயித்தவர், கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர். நாற்காலி மட்டும் கிடையாது. நாற்காலியை மறுப்பதற்கு என்ன அர்த்தம் என்று மறுத்தவர்களுக்கும் தெரியும், தரையில் உட்கார்ந்தவருக்கும் தெரியும்.

மரியாதை என்ற சொல்லைக்கூட யோசித்துப் பாருங்கள். வடமொழியில் அதற்கு எல்லை, வரம்பு என்று பொருள். அவரவர் எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதுதான் அதன் வேர். அதனால்தானோ என்னவோ, நமக்கு மரியாதை என்றதும் ஒருவர் நிற்க இன்னொருவர் உட்கார்ந்திருக்கும் காட்சி மனதில் வந்துவிடுகிறது. ஒருவர் உயர இன்னொருவர் தாழவேண்டும், தராசுத் தட்டு மாதிரி. மாண்பு அப்படியில்லை. அக்கா உட்காருவதால் கஸ்டமரின் மாண்பில் ஒரு குன்றிமணிகூடக் குறையாது.

இங்கேதான் நீங்கள் எப்போதும் சொல்லும் காரணம் வருகிறது. கஸ்டமர் உள்ளே வரும்போது சேல்ஸ் ஆள் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள், அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். நானே இதை நூறு தடவை புதுப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பேங்கில் கேஷியர் உட்கார்ந்துதான் பணம் எண்ணுகிறார். ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் உட்கார்ந்துதான் நாடி பார்க்கிறார். ஜெர்மனியில் ஆல்டி என்ற பெரிய கடைத்தொடரில் பில் போடுபவர்கள் உட்கார்ந்தேதான் வேலை செய்கிறார்கள், கூட்டம் குறைந்தபாடில்லை. இவர்கள் யாரும் நம்மை அவமதித்துவிட்டதாக நாம் நினைப்பதில்லை. அப்படியானால் சேலை விரிக்கும் பெண் உட்கார்ந்தால் மட்டும் ஏன் குத்துகிறது என்று நாம் எல்லாரும், கஸ்டமராகப் போகிற நானும் சேர்த்து, கேட்டுப் பார்க்கவேண்டும்.

அதைவிட, ஜவுளி வியாபாரமே உட்கார்ந்து செய்த வியாபாரம்தானே! காஞ்சிபுரத்திலும் கும்பகோணத்திலும் பழைய பட்டுக்கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தரை முழுக்கப் போட்ட மெத்தையில், வெள்ளை விரிப்பின் மேல் ஏறி உட்காரவேண்டும். எதிரே கடைக்காரரும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் சேலை விரியும். பாட்டி, அத்தை, கல்யாணப்பெண், கடைக்காரர் எல்லாரும் ஒரே மட்டத்தில், ஒரே விரிப்பில். மோர் வரும், வெற்றிலை வரும், இரண்டு மணி நேரம் ஆகும். உங்களில் பலருடைய தாத்தாக்கள் அப்படித்தான் வியாபாரம் பண்ணினார்கள், அவர்களுடைய மாலை போட்ட படத்தில்கூடப் பாருங்கள், கணக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் இருப்பார்கள். கண்ணாடி கவுண்ட்டரும் ஏசியும் வந்தபோது எங்கேயோ மெத்தையைச் சுருட்டிவிட்டோம். கஸ்டமருக்கு மட்டும் குஷன் நாற்காலி போட்டோம், கடை ஆளுக்குப் போட மறந்தோம். பிறகு மறந்ததையே வழக்கம் என்று சொல்லி, வழக்கத்தையே மரியாதை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

நானும் நின்றுதான் முன்னுக்கு வந்தேன் என்பீர்கள். உண்மை, எங்கள் முதலாளியே தலைச்சுமையாகத் துணி விற்று ஆரம்பித்தவர்தான், அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு. டீக்கடையில் மாஸ்டரும் நின்றுதான் டீ ஆற்றுகிறார், நாற்று நடுகிற பெண்கள் இடுப்பு ஒடியக் குனிகிறார்கள். கஷ்டமான வேலை எல்லாம் அவமானம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் உழைக்கிறவர்களை நானே கேவலப்படுத்தியதாகும். ஆனால் டீ மாஸ்டர் கூட்டம் இல்லாதபோது பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். நடவுக்காரப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடலாம். நீங்கள் தலைச்சுமை தூக்கியபோது களைத்தால் எந்த மரத்தடியிலும் இறக்கி வைத்து உட்கார்ந்திருப்பீர்கள், யாரும் கேமராவில் பார்த்துப் போன் போட்டிருக்கமாட்டார்கள். வேலை நிற்கவைப்பது வேறு. வேலையே இல்லாதபோதும் ஒரு மனிதர் இன்னொரு மனிதரை நிற்கவைப்பது வேறு. முதலாவதில் கால் வலிக்கும், ராத்திரி தைலம் தேய்த்தால் போகும். இரண்டாவது எங்கே வலிக்கும் என்று அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது, நன்றி கெட்டவன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அந்த அக்காவுக்கு 2018-ல் காலில் நரம்புச் சுருட்டலுக்கு ஆபரேஷன் நடந்தது. செலவில் பெரும்பகுதியை முதலாளிதான் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். அக்கா அழுதுகொண்டே வாங்கினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், எனக்கும் கண் கலங்கியது. ஒரு மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். காலில் இறுக்கமான நீளக் காலுறை. அன்றைக்கும் பன்னிரண்டு மணி நேரம் நின்றார். ஆபரேஷனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த அதே மனிதருக்கு, முந்நூறு ரூபாய் ஸ்டூல் ஒன்றைப் போட்டு உட்காரும்மா என்று சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த மாடிக்கு நான்தான் சூப்பர்வைசர்.

அவர் கெட்டவர் இல்லை, அதனால்தான் இதைச் சொல்கிறேன். தீபாவளிக்குத் துணி, பொங்கலுக்குப் பணம், ஹாஸ்டலில் மூன்று வேளைச் சோறு, ஊர்க் கோயில் கொடைக்கு லீவு என்று உங்களில் பலர் கருணையோடுதான் நடந்துகொள்கிறீர்கள். ஆனால் கருணை மேலிருந்து கீழே இறங்குவது. கொடுப்பவருக்கு மனசு இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது, வாங்குகிறவர் கையேந்தித்தான் ஆகவேண்டும். மதிப்பது அப்படி வராது. இவரும் என்னைப் போல ஒரு ஆள், கால் வலித்தால் உட்காருவார், அதற்கு என் மனசு தேவையில்லை என்று விட்டுவிடுவதுதான் மதிப்பது. இஸ்ரேலியத் தத்துவவாதி அவிஷாய் மார்கலிட் 1996-ல் ஒன்று சொன்னார், தன் நிறுவனங்களின் மூலம் மனிதரை அவமானப்படுத்தாத சமூகமே கண்ணியமான சமூகம் என்று. நிறுவனங்கள் என்ற சொல்தான் அதில் முக்கியம். முதலாளி தனியாக எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கேமராவும் ஃபைன் நோட்டும் மாடிக்கு ஒரு சூப்பர்வைசரும் சேர்ந்து ஒருவரை அவமானப்படுத்திவிட முடியும். உட்கார்ந்தால் ஐம்பது ரூபாய் ஃபைன் என்று நோட்டில் எழுதிய கை என் கை. அதை எழுதும்போது நான் கெட்டவனாக உணரவில்லை, வேலை பார்ப்பதாகத்தான் உணர்ந்தேன்.

நம் அரசியல் சாசனத்தின் முகவுரையிலேயே தனிமனித மாண்பு இருக்கிறது. உயிர்வாழும் உரிமை என்றால் மனித மாண்போடு வாழும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லிவிட்டது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. மூன்றாவது மாடிக்குத்தான் இன்னும் ஏறி வரவில்லை.

கடைசியாக ஒன்று. தங்கச்சிக்குச் சேலை எடுத்த அன்றைக்கு, பில் போடக் காத்திருந்தபோது, நானே ஒரு ஸ்டூல்மேல் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, உக்காருங்கக்கா, நான் கஸ்டமர்தானே சொல்றேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்றேன். அக்கா உட்காரவில்லை. "இருக்கட்டும் தம்பி, பழகிப்போச்சு" என்றார். மறுபடி தம்பி ஆகிவிட்டேன், அதில் எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் அந்தப் பழகிப்போச்சு என்னைத் தூங்கவிடவில்லை. நாம் அந்த மனிதரின் காலை மட்டும் கெடுக்கவில்லை. உட்கார எனக்கு உரிமை இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் குரலையும் அல்லவா வருடக்கணக்கில் அமுக்கிவிட்டோம்? சுயமரியாதை அவரவர் உள்ளே தானாக ஊறவேண்டியது, வெளியிலிருந்து யார் கொடுக்கமுடியும் என்று சிலர் கேட்கிறார்கள். கொடுக்கமுடியாது, சரி. ஆனால் பறிக்கமுடியும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், கை கொடுத்தும் இருக்கிறேன். எல்லோரும் எந்திரி எந்திரி என்று பத்து வருடம் சொன்னால், உள்ளே இருக்கிறவரும் ஒருநாள் எழுந்து நின்றுகொள்வார்.

அதனால் ஸ்டூல் போட்டாயிற்று, சட்டப்படி முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அதன்மேல் இருப்பதை இறக்குங்கள். கேமரா ரூமுக்கு, உட்கார்ந்தவர்களைப் பற்றிப் போன் போடக்கூடாது என்று சொல்லுங்கள். ஃபைன் நோட்டில் அந்த வரியைக் கிழியுங்கள். காலையில் கடை திறக்கும்போது சாமி கும்பிட எல்லோரையும் நிறுத்துவீர்கள் அல்லவா, அப்போது உங்கள் வாயால் சொல்லுங்கள், ஆள் இல்லாத நேரத்தில் உட்காருங்கள் என்று. சூப்பர்வைசர் சொன்னால் நம்பமாட்டார்கள், நீங்கள் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு அன்றைக்கு மத்தியானம் மாடி மாடியாக ஏறிப் போங்கள். உங்களைப் பார்த்ததும் பதறி எழுவார்கள். இருங்க, எந்திரிக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லும்வரை ஒருவரும் உட்காரமாட்டார்கள். முதல் வாரம் முழுக்க இப்படித்தான் இருக்கும், பொறுமையாக நாலு தடவை போகவேண்டியிருக்கும்.

தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலை எடுக்க வருவேன். அம்மாவால் இப்போது படி ஏறமுடியாது, லிஃப்டில் மூன்றாவது மாடிக்குக் கூட்டி வருவேன். அம்மாவுக்கு உடனே நாற்காலி போடுவீர்கள், எனக்குத் தெரியும். நான் கவுண்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்களிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன்